கடினமான வேலையிலிருந்து நழுவும் விசுவாசிக்கு: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

இதை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களிடம் தென்படும் அறிகுறியைத் தேடி அங்கிருந்தே தொடங்கலாம். ஆனால் எந்த அறிகுறியானாலும் சோதனை ஒரே இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. மனம் எங்கே ஓடியது என்பதை இப்போதைக்கு விடுங்கள். ஓடுவதற்கு ஒரு நிமிடம் முன்பு மேசைமேல் என்ன இருந்தது? அதை ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். "வேலை" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. "மார்ச் மாதக் கணக்கில் இடிக்கும் தொகையை மேலாளரிடம் சொல்ல வேண்டும்", "வழிகாட்டி திருப்பி அனுப்பிய மூன்றாம் அத்தியாயம்", "நிலப் பத்திரம் பற்றி அண்ணனிடம் பேச வேண்டும்" என்ற அளவுக்கு எழுத வேண்டும். இப்படி எழுதும்போதே பலருக்குப் பிழை எங்கே என்று பிடிபட்டுவிடும்.

நம் சபைகளில் வழக்கமாகக் கிடைக்கும் பரிகாரம் கைபேசியைத் திட்டுவது. வாலிபர் கூட்டங்களில் அதற்கென்றே ஒரு பிரசங்கம் எப்போதும் தயாராக இருக்கும். கைபேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். பத்தே நிமிடத்தில் அலமாரியை ஒழுங்குபடுத்தத் தொடங்கியிருப்பீர்கள். கைபேசி ஒரு வாசல். வாசலை அடைத்தால் ஓட வேண்டிய காரணம் உள்ளேயே இருக்கும், வேறு வாசல் தேடும்.

ஆரம்பச் சோதனை: தூக்கமும் சாப்பாடும்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்றபோது தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி அதற்கு வெகு நாள் கழித்து, ஓரேபில்தான் வருகிறது. இரவுப் பணி, கைக்குழந்தை, நோயாளியைப் பார்த்துக்கொள்வது, நீரிழிவு, தைராய்டு என்று எது இருந்தாலும் முதலில் அதைக் கவனியுங்கள். பல வாரங்களாக எதிலுமே பிடிப்பு இல்லை, தூக்கம் கெட்டிருக்கிறது, சாகலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் இந்த வழிமுறை உங்களுக்கு உரியது அல்ல. மருத்துவரிடம் போங்கள். அது விசுவாசக் குறைவு என்று சொல்பவர் போதகராகவே இருந்தாலும், மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து அவரிடம் பேசிக்கொள்ளலாம்.

அறிகுறி: வேலையில் உட்கார்ந்ததும் கை தானாக வேறொன்றுக்குப் போகிறது

இந்தப் பிழை மிகப் பழையது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்து 399இல் இறந்த எவாக்ரியுஸ் என்ற துறவி இதை ஒரு மருத்துவர் குறிப்பு எழுதுவதுபோல் எழுதி வைத்திருக்கிறார். காலை பத்து மணியளவில் தொடங்குமாம். சூரியன் நகரவே இல்லை என்று தோன்றும். பகல் ஐம்பது மணி நேரம் நீண்டதாகத் தெரியும். துறவி அடிக்கடி ஜன்னலைப் பார்ப்பார், சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதா என்று சூரியனை அளப்பார், யாராவது சகோதரர் வந்து பேச்சுக்கொடுக்க மாட்டாரா என்று எட்டிப் பார்ப்பார். இருக்கும் இடம் கசக்கும், கைவேலை கசக்கும். இதைவிடச் சுலபமான வேலை கிடைக்கும் ஊர் ஒன்று ஞாபகத்துக்கு வரும். கடைசியில் ஒரு இறையியல் வாதமும் வந்து சேரும்: கடவுளை எந்த இடத்திலும் தொழலாமே, இங்கேயே ஏன் இருக்க வேண்டும்? அந்தத் துறவிகள் இதற்கு நண்பகல் பேய் என்று பெயர் வைத்தார்கள். 91ஆம் சங்கீதத்தில் "மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்" என்று வருகிறதே, அந்த வசனத்திலிருந்து எடுத்த பெயர். யூடியூபும் இல்லை, வாட்ஸ்அப்பும் இல்லை. ஒரு ஜன்னல் போதுமானதாக இருந்தது.

2013இல் ஃபூஷியா சிரோயிஸ், டிமதி பிச்சில் என்ற இரு உளவியலாளர்கள் தள்ளிப்போடுதலைப் பற்றி எழுதிய கட்டுரை இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. தள்ளிப்போடுகிறவர் நேரத்தை நிர்வகிக்கத் தெரியாதவர் என்பதைவிட, அந்த நேரத்து மனநிலையை உடனே சரிசெய்துகொள்ளப் பார்ப்பவர் என்று அவர்கள் சொல்கிறார்கள். வேலையைத் தொட்டால் ஏதோ ஒரு உணர்வு குத்துகிறது. வேறொன்றைத் தொட்டால் குத்தல் நிற்கிறது. நின்றது என்பதே அடுத்த முறையும் ஓடுவதற்குப் போதுமான கூலி.

ஆகவே துண்டுத் தாளில் எழுதிய வேலைக்குப் பக்கத்தில், அது எந்த உணர்வைக் கிளப்புகிறது என்றும் எழுதுங்கள். அதைப் பொறுத்துத்தான் பரிகாரம் மாறும்.

எங்கே தொடங்குவது என்று தெரியாத குழப்பம் என்றால், வேலை பெரிதாக இருக்கிறது. முதல் அசைவை மட்டும் எழுதுங்கள். "கோப்பைத் திறந்து, வழிகாட்டி சிவப்பு மையில் எழுதிய முதல் குறிப்பைப் படிக்கிறேன்" என்பது போதும். அதோடு நேரத்தையும் இடத்தையும் சேர்த்துவிடுங்கள்: "மதியச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவியதும், சாப்பாட்டு மேசையிலேயே". இப்படிச் சூழ்நிலையையும் செயலையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைக்கிறவர்கள் வெறும் தீர்மானம் எடுப்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இலேயே விரிவாக எழுதியிருக்கிறார்.

ஒருவரின் தீர்ப்புக்குப் பயம் என்றால், அரைகுறையான பிரதியையே அவருக்கு அனுப்பிவிடுங்கள்; முழுமையாகட்டும் என்று காத்திருப்பது பயத்துக்குத் தீனி போடுவதுதான். இந்த வேலை ஏன் என் தலையில் விழுந்தது என்ற கோபம் என்றால், கோபத்தைப் பேச வேண்டிய ஆளிடம் பேசாமல் வேலை நகராது. வெறும் சலிப்பு என்றால் எகிப்தின் துறவி வனத்து அந்தோணியாரைப் பின்பற்றலாம். பாலைவனத்தில் மனம் சோர்ந்து, இரட்சிப்புக்கு வழி கேட்டு அவர் ஜெபித்தபோது தம்மைப்போலவே ஒருவர் தெரிந்தாராம். உட்கார்ந்து கயிறு திரித்தார், எழுந்து ஜெபித்தார், மறுபடியும் உட்கார்ந்து கயிறு திரித்தார். இப்படிச் செய், பிழைப்பாய் என்று குரல் வந்தது. தரிசனம் என்றால் வேறு ஏதாவது பெரிதாக எதிர்பார்ப்போம். அவருக்குக் காட்டப்பட்டது ஒரு கால அட்டவணை. அரை மணி நேர வேலை, ஒரு சிறு ஜெபம், மறுபடியும் வேலை. ஜெபம் இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: பக்தி வளர்கிறது, வேலை அப்படியே கிடக்கிறது

விசுவாசிக்கு மட்டுமே வரும் கோளாறு இது, கண்டுபிடிக்கவும் கடினமானது. சீரியல் பார்த்து நேரத்தைக் கழித்தால் வீட்டில் யாராவது சொல்லிக் காட்டுவார்கள். மூன்று பிரசங்கங்களை அடுத்தடுத்துக் கேட்டுக் கழித்தால் "என் பிள்ளைக்கு எவ்வளவு வாஞ்சை" என்பார்கள். வேதாகமத்தில் வண்ண வண்ணமாகக் கோடிடுவது, காலை வசனத்துக்குப் பூப்படம் தேடி எல்லாக் குழுக்களிலும் பகிர்வது, ஜெபக் குறிப்பேட்டைப் புதிதாக வாங்கி அட்டை போடுவது எல்லாம் நல்ல காரியங்களே. அதனால்தான் ஒளிவதற்கு இவ்வளவு வசதியாக இருக்கின்றன.

இயேசு இதைக் கடுமையாகக் கண்டித்த இடம் மாற்கு 7இல் இருக்கிறது. தகப்பனுக்கும் தாய்க்கும் கொடுக்க வேண்டியதைக் கொர்பான், அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லிவிட்டால் பெற்றோருக்குச் செய்யும் கடமையிலிருந்து தப்பிக்கலாம் என்ற வழக்கம் அது. காணிக்கை பொய் அல்ல, கடவுளும் பொய் அல்ல. கடமை மட்டும் காணாமல் போகிறது. எகிப்துத் துறவிகளோடு வாழ்ந்து, பிற்காலத்தில் மார்செய்யில் குடியேறிய யோவான் கசியனும் இதைக் கவனித்திருக்கிறார். நண்பகல் பேய் பிடித்தவருக்கு வெகு தூரத்தில் இருக்கும் நோயாளியைப் போய் விசாரிக்க வேண்டும், ஆதரவற்ற ஒரு பக்தியுள்ள பெண்ணுக்கு உதவ வேண்டும் என்ற அன்பின் எண்ணங்கள் திடீரென்று பொங்கி வரும் என்று எழுதுகிறார். அறையில் கைவேலை காத்துக்கிடக்கும் அதே நேரத்தில்!

இதைச் சோதிக்க, "இது நல்ல காரியமா?" என்று கேட்காதீர்கள். ஆம் என்றுதான் பதில் வரும். அதை முடித்தபின் உங்கள் கை எங்கே போகிறது என்று பாருங்கள். ஜெபித்து எழுந்தவர் தள்ளிவைத்த கோப்பைத் திறக்கிறார் என்றால் அந்த ஜெபம் அதன் வேலையைச் செய்தது. ஜெபித்து எழுந்தவர் மனம் இலேசாகி, "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று படுத்துவிட்டால், அந்த ஜெபம் வலி நிவாரணி மாத்திரையாகத்தான் பயன்பட்டிருக்கிறது.

பரிகாரம் பக்தியைக் குறைப்பது அல்ல, அதற்கு எல்லை குறிப்பது. காலைத் தியானத்துக்கு இத்தனை நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை நேரத்தில் பிரசங்கம் வேண்டாம், பாத்திரம் கழுவும்போதோ பஸ்ஸிலோ கேட்கலாம். வேலைக்கு முன்னால் ஜெபிப்பதானால், துண்டுத் தாளில் எழுதியதை அப்படியே சொல்லி ஜெபியுங்கள்: "ஆண்டவரே, மார்ச் கணக்கில் தொகை இடிக்கிறது. மேலாளர் என்னைத் திறமையற்றவன் என்று நினைப்பாரோ என்று பயமாக இருக்கிறது. இப்போது கோப்பைத் திறக்கப் போகிறேன்." ஆமென். திறந்துவிடுங்கள். "ஞானத்தைத் தாரும், பெலனைத் தாரும், தடைகளை உடைத்தருளும்" என்று பொதுவாக ஜெபிக்கும்போது கணக்கின் பெயரே வாயில் வருவதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

அறிகுறி: சபை வேலையில் முதல் ஆள், வீட்டிலும் அலுவலகத்திலும் எல்லாம் பாக்கி

பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, அறுப்பின் பண்டிகைக் கமிட்டி, அசன விருந்துக்குக் காய்கறி வாங்குவது, புதுமனை ஜெபத்துக்கு வண்டி ஏற்பாடு. சபையில் எந்த வேலைக்கும் இவர்தான். இவருடைய மகனின் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு மட்டும் நேரம் இல்லை. அலுவலகத்தில் இவர் மேசையில் நிற்கும் கோப்புக்காக நான்கு பேர் காத்திருக்கிறார்கள்.

சபை வேலையில் உடனே நன்றி கிடைக்கிறது, முடிவு கண்ணுக்குத் தெரிகிறது, தப்பாகப் போனாலும் யாரும் சம்பளத்தைப் பிடிப்பதில்லை. வீட்டுக் கடனைப் பற்றி மனைவியோடு உட்கார்ந்து பேசுவதில் இவை எதுவும் கிடையாது. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் "யாதொரு வேலையும் செய்யாமல், வீண் அலுவற்காரராய்" திரிகிறவர்களைக் கடிந்துகொள்கிறார். அவர்கள் படுத்துக்கிடந்த சோம்பேறிகள் அல்லர். பரபரப்பாகவே இருந்தார்கள்.

மார்த்தாளின் கதையை இங்கே யாராவது கொண்டுவருவார்கள். அவள் சமையலை விட்டுவிட வேண்டும் என்பதுபோல் அதை விளக்குவது எனக்கு ஒப்பவில்லை. அன்று அத்தனை பேரும் சாப்பிட்டிருப்பார்கள், யாரோ சமைத்துத்தான் இருக்க வேண்டும். இந்த அறிகுறிக்கு அவளைவிட நெகேமியா பொருத்தமானவர். அலங்கம் கட்டிக்கொண்டிருந்தவரைச் சன்பல்லாத்து பேச்சுவார்த்தைக்கு வா என்று நான்கு முறை அழைத்தான். நான்கு முறையும் ஒரே பதில்தான் போனது: "நான் பெரிய வேலையைச் செய்கிறேன், நான் வரக்கூடாது." சன்பல்லாத்து எதிரி, அவனுக்கு இப்படிச் சொல்வது சுலபம். சபைச் செயலாளர் எதிரி இல்லை, மாமா முறை வேண்டும். ஆகவே சொல்ல வேண்டியதை முன்பே எழுதி வைத்துக்கொள்வது நல்லது: "மாமா, இந்தப் பண்டிகைக்கு நான் காய்கறிப் பொறுப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கமிட்டியில் வேறொருவரைப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் முடிக்க வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது." விளக்கம் கேட்டாலும் இதையே இன்னொரு முறை சொன்னால் போதும். ஒரே ஒரு பொறுப்பை இந்த வாரமே, எழுத்தில், ஆள் பெயரோடு ஒப்படையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிட்டு வீட்டில் போய் உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் வேறொரு ஊழியத்தில் சேர்ந்திருப்பீர்கள்.

அறிகுறி: "தேவ சித்தம் தெளிவாகட்டும் என்று காத்திருக்கிறேன்"

கேள்வி ஒன்றுதான்: செய்ய வேண்டியது ஏற்கெனவே தெரிந்ததா? கட்ட வேண்டிய கடனைக் கட்டவும், எழுத வேண்டிய தேர்வுக்குப் படிக்கவும் தனி வெளிப்பாடு தேவையில்லை. கிதியோன் ஆட்டுத்தோலைப் போட்டது கர்த்தர் சொல்வதற்கு முன்னால் அல்ல, சொன்ன பிறகு. தோலும் ஒரு இரவு, பிறகு இன்னொரு இரவு. யோனா குழம்பவே இல்லை. நினிவே என்று கேட்டதும் யோப்பாவுக்குப் போய்த் தர்ஷீசுக்குக் கப்பல் பிடித்தான். பவுலைக் காவலில் வைத்திருந்த தேசாதிபதி பேலிக்ஸ் அவரிடம் "எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்" என்றான். பிறகு பலமுறை அழைத்துப் பேசவும் செய்தான், பணம் கிடைக்குமென்ற நம்பிக்கையில். இரண்டு வருடம் கழிந்தபோது பவுல் இன்னும் காவலில்தான் இருந்தார். உண்மையிலேயே இரண்டு வழிகள் திறந்திருந்தால் காத்திருங்கள். ஆனால் முடிவெடுக்கும் தேதியையும், யாரிடம் ஆலோசனை கேட்பீர்கள் என்பதையும் இன்றே எழுதிவிடுங்கள்.

அறிகுறி: ஒரே ஒருவரைத் தவிர எல்லாருக்கும் நன்மை செய்கிறேன்

துண்டுத் தாளில் வேலைக்குப் பதிலாக ஒரு ஆளின் பெயர் வந்தால் இங்கே பாருங்கள். மத்தேயு 5இல் இயேசு சொல்வதைக் கலிலேயாவில் இருந்தவர்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள். பலிபீடம் இருந்தது எருசலேமில். பல நாள் நடந்து போய், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்த பிறகு, ஊரில் ஒருவருக்கு உங்கள்மேல் குறை உண்டென்று நினைவு வருகிறது. வைத்துவிட்டுத் திரும்பிப் போ என்கிறார். ஆராதனையே தடைபடலாம், அந்தச் சந்திப்பு தடைபடக் கூடாது.

நேரில் போங்கள், முடியாவிட்டால் தொலைபேசியில் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் நீண்ட கடிதமும் வசனமும் அனுப்புவது இந்தக் கோளாறின் ஒரு பகுதியே. "அப்பாவின் காரியத்தில் நான் செலவுக் கணக்கை மறைத்தது தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள், அண்ணா. பாக்கித் தொகையை இந்த மாதம் தருகிறேன்" என்று செய்ததையும் திருப்பித் தருவதையும் சொன்னால் போதும். "உங்கள் மனம் புண்பட்டிருந்தால்" என்று தொடங்கும் மன்னிப்பு எதற்கும் உதவாது. அவர் மன்னிக்க மறுக்கலாம், அது அவர் உரிமை. ஆனால் எதிரே இருப்பவர் உங்களை அடித்தவர், மிரட்டியவர் என்றால் இந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். அப்படிப்பட்டவரைத் தனியாகச் சந்திக்கச் சொல்லி எந்த வசனமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

அறிகுறி: இரவில் கண்ணீர், தீர்மானம், மறுநாள் பழையபடி

இவர் தன்னைக் கடுமையாகத் திட்டிக்கொள்வார். திட்டுவதால் திருந்திவிடலாம் என்று நம்புவார். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்து 2010இல் வெளியான ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது: முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்களே அடுத்த தேர்வுக்கு முன் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். வேலையைத் தொட்டாலே நேற்றைய குற்றவுணர்வும் சேர்ந்து குத்தினால் யார்தான் தொடுவார்? ஆதாம் மரங்களுக்குள் ஒளிந்ததற்குக் காரணமாகச் சொன்னதும் "பயந்து, ஒளித்துக்கொண்டேன்" என்பதுதான். தன்னைத்தானே மன்னிப்பது என்பது நம் விசுவாசத்தின் பேச்சு அல்ல. நமக்கு மன்னிப்பு வேறிடத்திலிருந்து வருகிறது. ஆனால் கிறிஸ்துவுக்குள் இருப்பவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்று ஞாயிறுதோறும் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை தன் மேசைக்கு முன்னால் தானே நீதிபதியாக உட்கார்ந்துகொள்வதை என்னவென்று சொல்வது?

செய்ய வேண்டியவை: இரவில் தீர்மானம் எடுக்காதீர்கள், களைத்த மனம் பெரிய வாக்குறுதிகளை அள்ளி வீசும். பொருத்தனை வேண்டவே வேண்டாம்; நேர்ந்துகொண்டதைச் செய்யாமல் போவதைவிட நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்று பிரசங்கி சொல்லிவிட்டார். அறிக்கை செய்வதானால் குறிப்பாகச் செய்யுங்கள்: "நான் பாவி" என்பதோடு நிறுத்தாமல், "இன்று அந்த அறிக்கையைத் தொடவில்லை, அதனால் இன்னொருவர் என் பங்கையும் செய்தார்" என்று சொல்லுங்கள். மறுநாள் காலை அந்த இன்னொருவருக்கு ஒரு வரி அனுப்புங்கள், தாமதத்தையும் புதிய தேதியையும் சொல்லி. லெந்து நாட்களில் ஃபேஸ்புக்கை விடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: நாற்பது நாள் விட்ட நேரம் எங்கே போனது என்று பாருங்கள். கிரிக்கெட் ஸ்கோருக்குப் போயிருந்தால் உபவாசம் நடந்தது, பிழை நீங்கவில்லை.

அறிகுறி: எல்லாம் செய்தும் இந்த ஒரு வேலை மட்டும் நகர மறுக்கிறது

இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, வேலை வீண் என்ற எண்ணம். கசியன் சொல்லும் பவுல் என்ற துறவி (அப்போஸ்தலர் அல்ல, வேறொருவர்) சந்தைக்கு ஏழு நாள் பயணத் தொலைவில் வாழ்ந்தார். கூலி வண்டிக்குக் கொடுப்பதே விற்ற விலைக்குமேல் போகும். ஆனாலும் பனையோலை சேர்த்துத் தினமும் வேலை செய்தார். குகை நிறைந்ததும் வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எரித்துவிட்டார். இது எல்லாருக்கும் ஆன மருந்து என்று சொல்ல மாட்டேன். பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய தகப்பன் செய்து முடித்ததை எரிக்க முடியாது. வேலையை மாற்ற முடியுமா என்று பார்ப்பதே அவருக்குச் சரி.

மற்றொன்றை அதிகம் பேர் கவனிப்பதில்லை. வேலையே தப்பாக இருக்கலாம். வராத சரக்குக்கு ரசீது தயாரிக்கச் சொல்கிறார்கள். வராத மாணவருக்கு வருகைப் பதிவு போடச் சொல்கிறார்கள். பார்க்காத கட்டடத்துக்குச் சான்று எழுதச் சொல்கிறார்கள். நேர்மையான ஒருவர் இதை மறுக்கவும் துணியாமல், செய்யவும் மனமில்லாமல் வாரக்கணக்கில் கைபேசியைத் தடவிக்கொண்டிருப்பார். தன்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்வார், உற்சாகமூட்டும் செய்திகள் கேட்பார். இங்கே சுறுசுறுப்பாவதற்கான எந்த உத்தியையும் பயன்படுத்தாதீர்கள். மனசாட்சி பிடித்துவைத்திருக்கும் கையை அது விடுவித்துவிடும். துண்டுத் தாளில் அந்த வேலையை முழு உண்மையோடு எழுதுங்கள்: "இந்த ரசீது பொய்." கேட்டவரிடம், முடிந்தால் எழுத்தில், "சரக்கு வந்த ஆவணம் இல்லாமல் நான் கையெழுத்திட இயலாது" என்று சொல்லுங்கள். அதற்கு முன்னால் வீட்டில் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் விளைவு வீட்டுக்கும் வரும். சம்பளம் நின்றால் எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்குப் போடுங்கள். தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரிடமும் சபையில் நம்பத்தகுந்த ஒரு பெரியவரிடமும் அந்த வாரத்திலேயே பேசுங்கள். உங்களுக்கு வந்த உத்தரவின் நகல் ஒன்றை அலுவலகத்துக்கு வெளியே பத்திரமாக வைத்துக்கொள்ள முடியுமா என்று அவர்களிடம் முதலில் கேளுங்கள்.